பத்தொன்பது பேரை எனக்குத் தெரியாது

என் தங்கை எனக்குப் போன் செய்தால் இரண்டு காரணங்களில் ஒன்று இருக்கும். உறவில் யாராவது இறந்திருப்பார்கள், அல்லது வீட்டுக்கு ஏதாவது படிவம் வந்திருக்கும். அன்று காலை அவள் குரலைக் கேட்டதும் முதலாவது என்றுதான் நினைத்தேன்.

"ண்ணா, அவரு பேங்க்குக்கு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்துட்டாராம். இப்ப ஊருக்கு வுட மாட்டேங்குறாங்களாம்."

இரண்டாவதுதான். யாரும் சாகவில்லை என்று கொஞ்சம் நிம்மதியானேன். அந்த நிம்மதி முழுதாக ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சிதம்பரத்தில் இருக்கிறேன். தங்கை கடலூரில், செம்மங்குப்பத்துத் தொழிற்சாலைகளின் ஷிப்ட் பேருந்துகள் போகிற சாலையில் இருக்கிறாள். அவள் கணவர், என் மாப்பிள்ளை, பதினெட்டு வருடமாக ஒரு சிறிய தீவு நாட்டில், அதில் கடைசிப் பதினோரு வருடம் ஒரே தொழிலாளர் விடுதியில், சமையல்காரர். உலகப் படத்தில் அந்த நாட்டைக் காட்ட விரல் வைத்தால் நாடு விரலுக்கடியில் போய்விடும். அந்த மாதக் கடைசியோடு வேலை முடிந்து, டிக்கெட்டும் எடுத்து, அவர் நிரந்தரமாக ஊர் திரும்ப வேண்டியவர். மகளுக்கு அடுத்த மாதம் முதல் பிரசவம். பேரப்பிள்ளையையாவது மருத்துவமனையிலேயே பார்க்க வேண்டும், வீட்டு விசேஷங்களையெல்லாம் வீடியோவில் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது அவருடைய கணக்கை வங்கி முடக்கிவிட்டது. வங்கி விவகாரம் முடியாமல் வெளியேறும் அனுமதி தர முடியாது என்று முதலாளி சொல்லிவிட்டார். பயங்கரவாதத்துக்கு நிதி சேர்ப்பதைத் தடுக்கும் சட்டம் என்று கடிதத்தின் தலைப்பில் இருந்ததாம். மாப்பிள்ளை தன் வாழ்நாளில் சேர்த்த பயங்கரமான பொருள் ஒன்று உண்டென்றால் அது குழம்பில் போடும் உப்புதான்.

நடந்தது இது. அந்த விடுதியில் அவரோடு இருந்த கிள்ளைக்காரர் ஒருவருக்கு நெஞ்சில் அடைப்பு. ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். சிதம்பரத்தில் ஆபரேஷன். விடுதியில் இருந்தவர்களெல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். யாரிடம் போடுவது? எல்லாருக்கும் சோறு போடுகிறவர் யாரோ அவரிடம்தான். பத்தொன்பது பேர் இரண்டு நாளில் கைபேசி வழியாக மாப்பிள்ளையின் கணக்குக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் மாப்பிள்ளை மொத்தத்தையும் கிள்ளையில் இருக்கும் அந்த மனிதரின் மனைவி கணக்குக்கு அனுப்பிவிட்டார். முடிந்தது வேலை என்று அடுப்பைப் பற்றவைக்கப் போய்விட்டார்.

நான் வேலை பார்த்த கடைசி ஏழு வருடங்கள் இந்த மாதிரியான பண நகர்வுகளைக் கண்காணிக்கும் பிரிவில்தான். பலரிடமிருந்து சிறுசிறு வரவு. ஒரே நாளில் மொத்தமாக வெளியேற்றம். போய்ச் சேரும் இடம் கடற்கரை ஊர். பயிற்சி வகுப்பில் இதைத்தான் முதல் எடுத்துக்காட்டாகக் கரும்பலகையில் வரைந்து காட்டுவேன். மாப்பிள்ளை என் வகுப்பில் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு போய்ச் செய்தது போல அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தார்.

இது போதாதென்று, அனுப்பும்போது காரணம் எழுதும் இடத்தில் பாதிப் பேர் 'நம்ம ஆளுக்கு' என்று போட்டிருந்தார்கள். நான்கு பேர் 'வெளிய சொல்ல வேணாம்' என்று எழுதியிருந்தார்கள். கிள்ளைக்காரர் ரோஷக்காரர், வசூல் என்று தெரிந்தால் வாங்க மாட்டார் என்பதற்காக. வங்கி யாரையோ வைத்து இதை மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருப்பார். அதுதான் தொல்லை.

இவ்வளவு சிறிய நாட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய சட்டம் என்று தங்கை கேட்டாள். சிறிய நாடு என்பதால்தான். பெரிய நாடுகள் கூடி ஒரு குழு வைத்திருக்கின்றன. அந்தக் குழு வந்து பார்த்து, இங்கே கண்காணிப்பு போதாது என்று பட்டியலில் சேர்த்துவிட்டால், பெரிய நாடு தாங்கிக்கொள்ளும். சிறிய நாட்டோடு எந்த வங்கியும் பேசாது. ஆகவே எங்கோ தைத்த சட்டையை வாங்கி, கை நீளமாக இருந்தாலும் பரவாயில்லை என்று போட்டுக்கொள்கிறார்கள். அதன்படி, வெளிநாட்டுக்கு அனுப்பப் பொதுவில் பணம் திரட்டினால் அனுமதி வேண்டும். கொடுத்தவர் ஒவ்வொருவரும் யார், திரட்டியவருக்கு எப்படித் தெரிந்தவர் என்று கேட்டால் சொல்ல வேண்டும். சட்டத்தில் தப்பு இல்லை. நானே இதை நேராக நின்று பாடம் நடத்தியிருக்கிறேன்.

"சரி, கேட்டாங்க இல்ல, சொல்ல வேண்டியதுதான? என்ன எழுதிக் குடுத்தாரு?"

தங்கை வங்கிக் கடிதத்தின் படத்தை அனுப்பினாள். கூடவே அவர் எழுதிய பதிலின் படத்தையும்.

வங்கி பத்தொன்பது பெயர்களைப் பட்டியலிட்டு, இவர்களோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்று கேட்டிருந்தது. மாப்பிள்ளை பட்டியலை ஒருமுறைக்கு இரண்டுமுறை படித்திருக்கிறார். யோசித்திருக்கிறார். பொய் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்து, தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்: 'இந்தப் பத்தொன்பது பேரில் ஒருவரையும் எனக்குத் தெரியாது.'

நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். அதேதான் இருந்தது.

உடனே அவரை அழைத்தேன்.

"மாப்ள, பதினோரு வருஷமா ஒரே கூரைக்குக் கீழ இருக்கறவங்கள தெரியாதுன்னு எப்படி எழுதுனீங்க?"

"மச்சான், சத்தியமா அந்தப் பேருங்கள நான் கேள்விப்பட்டதே இல்ல. எனக்குத் தெரிஞ்சது பண்ருட்டி மச்சான், குள்ள மச்சான், ஏசி மச்சான், சேத்தியாத்தோப்பு மாமா. அதுல ஒருத்தன்கூட லிஸ்ட்ல இல்லியே."

"அவங்கதான் அந்த லிஸ்டு."

"அப்டியா?" என்றார் உண்மையான ஆச்சரியத்தோடு. "குள்ள மச்சானுக்கா அவ்ளோ நீளப் பேரு?"

விடுதியில் யாரும் யாரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. நம் பக்கத்து ஆள் என்று தெரிந்த நிமிடமே முறை வைத்துவிடுகிறார்கள். இந்துவா, முஸ்லிமா, சின்னவனா, பெரியவனா என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். முறை வைத்த பிறகு பெயர் கேட்பது மரியாதையில்லை. கைபேசியிலும் அப்படியே பதிந்துவைத்திருக்கிறார்கள். காசு அனுப்பும்போது திரையில் வரும் பெயரை யாரும் பார்ப்பதில்லை. அனுப்பிவிட்டு, "மச்சான், போட்டுட்டேன்" என்று சமையலறைக்குள் தலையை நீட்டிச் சொல்லிவிட்டுப் போவார்கள். பதினோரு வருடம் இப்படி ஒரு குறையும் இல்லாமல் ஓடியிருக்கிறது.

"ண்ணா, நீ முப்பத்தேழு வருஷம் அந்தப் பேங்க்ல என்னாதான் செஞ்ச? இத சரிபண்ணத் தெரியாதா?" என்று தங்கை அழுதாள். அழுகையில் பாதி கோபம்.

நான் அவளிடம் சொன்னது இது. கேள்வி கேட்டிருக்கிறார்கள் என்றால் இன்னும் வாசல் திறந்திருக்கிறது. உண்மையாகவே சந்தேகப்பட்டுவிட்டால் கேட்க மாட்டார்கள். சிரித்துப் பேசிவிட்டு மேலிடத்துக்குச் சந்தேக அறிக்கை எழுதிவிடுவார்கள். எழுதியதை வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது என்பது எல்லா நாட்டிலும் விதி. இந்த விஷயத்தில் நான் சொல்வதை நம்பலாம். சிரித்துப் பேசிவிட்டு எழுதியவர்களில் நானும் ஒருவன்.

விளக்கம் தர வங்கி கொடுத்த பதினான்கு நாள் அவகாசத்தில் ஐந்து போய்விட்டது. அன்று மத்தியானமே உட்கார்ந்து ஒரு அட்டவணை தயாரித்தேன். அடையாள அட்டையில் உள்ள பெயர். ஊர். அறை எண். எத்தனை வருடப் பழக்கம். கையெழுத்து, அட்டை நகல். இவற்றுக்கு நடுவே ஒரு கட்டம்: 'எப்படி அழைக்கப்படுபவர்'. என் வேலைக்காலத்தில் இப்படி ஒரு கட்டத்தோடு யாராவது காகிதம் நீட்டியிருந்தால், விளையாடுகிறீர்களா என்று திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மாப்பிள்ளை அதை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனார். போலீஸ் என்று வதந்தி கிளம்பியதில் முதல் நாள் பாதிப் பேர் போனை அணைத்துவிட்டார்கள். நேரில் போய், "உன் பேரு என்னாடா மச்சான், ஒருவாட்டி கார்ட காட்டு" என்று கேட்டிருக்கிறார். பதினோரு வருடத்துக்குப் பிறகு பெயர் கேட்டதற்கு ஏசி மச்சான் கோபித்துக்கொண்டாராம். இருந்தாலும் நான்கு நாளில் பதினெட்டுக் கட்டம் நிரம்பியது. மிச்சம் ஒன்று. சேத்தியாத்தோப்பு மாமா. அவர் காசு போட்ட கையோடு வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்டவர். பழைய எண் வேலை செய்யவில்லை. பட்டியலில் யாரும் உரிமை கோராத பெயர் ஒன்று இருந்தது. அதுதான் மாமாவாக இருக்க வேண்டும்.

நானும் தங்கையும் முதலில் கிள்ளைக்குப் போனோம். பணம் எதற்குப் போனது என்று காட்ட மருத்துவமனைக் காகிதங்கள் வேண்டும். கிள்ளை மச்சான் நெஞ்சில் தையலோடு, சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது.

"வசூலா? கம்பெனி குடுத்துதுன்னுல்ல சொன்னாங்க எங்கிட்ட?" என்று மனைவியைப் பார்த்தார். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தேநீர் போட உள்ளே போய்விட்டார்.

"என்னால அந்த மனுசன் அங்க மாட்டிக்கிட்டாரா? யா அல்லாஹ். சார், நான் வேணா வந்து சொல்றேன் சார். எங்க வரணும்?"

"நீங்க எங்கயும் வர வேணாம். டிஸ்சார்ஜ் சம்மரியக் குடுங்க."

அவர் மனைவி ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து வைத்தார். ஆபரேஷனுக்கு முன்னால் வாங்கிய சர்க்கரை மாத்திரை ரசீது உட்பட ஒன்று விடாமல் தேதிவாரியாக அடுக்கி வைத்திருந்தார். முப்பத்தேழு வருடத்தில் எங்கள் கிளையில் ஒரு கோப்பு அப்படி இருந்ததில்லை.

அந்தத் தேநீரைக் குடிக்கும்போது வேறொருவர் ஞாபகம் வந்தது. கடற்கரை ஊர்க்காரர், எங்கள் கிளைக்கு மாதாமாதம் வருவார். நோன்பு மாதத்தில் எனக்குப் பேரீச்சம்பழம் கொண்டுவந்து தருவார். அவர் கணக்கில் இதே மாதிரி ஒரு டஜன் சிறு வரவுகள் வந்தன. 'அனுப்பியவர்களுடனான உறவு விளக்கப்படவில்லை' என்று எழுதி நான் மேலே அனுப்பினேன். விளக்கப்படவில்லை என்பது உண்மைதான். நான் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. எழுதியதைச் சொல்லக் கூடாது என்பதுதான் விதி. அதற்கப்புறம் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. பழம் மட்டும் அடுத்த வருடமும் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

கிளம்பும்போது கிள்ளை மச்சான் சொன்னார், "மாமா வூடு வெள்ளாத்துப் பாலத்துக்குப் பக்கத்துல, சார். பேரா? பேரு... மாமாதான்."

மறுநாள் சேத்தியாத்தோப்பு. பாலத்துக்குப் பக்கத்தில் டீக்கடையில் அந்த நாட்டுப் பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். மாமா பனியனோடு வந்து வரவேற்று, உட்காரவைத்து, மோர் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முடியாது என்றார்.

"ஆதார் காப்பி, கையெழுத்து, அதெல்லாம் குடுக்க மாட்டேன் சார். எம்மவன் இப்ப அதே நாட்லதான் இருக்கான். நாளைக்கு எம்பேருக்கும் ஒரு லெட்டர் வந்தா? அவன யாரு கூட்டியாருவா?"

நடைமுறையை விளக்கினேன். தகவல் தருவது எப்படிப் பாதுகாப்பு, தராமல் இருப்பது எப்படி ஆபத்து என்று சட்டப் பிரிவு வாரியாகச் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "நீங்க சொல்றது கரெக்ட்டுதான் சார்" என்றார். மறுபடி முடியாது என்றார். அவர் பயம் நியாயமானது. என்னிடம் அதற்குப் பிரிவு எதுவும் இல்லை. அவர் கையெழுத்து இல்லாவிட்டால் அட்டவணையில் ஒரு கட்டம் காலி. ஒரு கட்டம் காலியாக இருக்கும் காகிதத்தை நான் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை. வேறொருவர் ஏற்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். தங்கை எழவில்லை.

"எங்க வூட்டுக்காரரு உங்கள என்னான்னு கூப்புடுவாரு?"

"மாமான்னு."

"நீங்க அவர?"

"மாப்ளன்னு."

"அப்ப நான் உங்களுக்கு என்னா முறை? பொண்ணுதான? பொண்ணு வந்து வூட்ல உக்காந்து புருசன மீட்டுக் குடுங்கங்குறேன். மோரக் குடுத்து அனுப்புறீங்களே, நல்லா இருக்கா?"

மாமா திகைத்துப்போனார். "ஏம்மா, எனக்கும் உனக்கும் ரெண்டு வயசு வித்தியாசம் இருக்குமா? உனக்கு நான் அப்பனா?"

உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் மனைவி ஆதார் அட்டையோடு வெளியே வந்தார். "மாமான்னு கூப்டப்ப இனிச்சுதுல்ல? அப்பான்னா மட்டும் கசக்குதா? போடுய்யா கையெழுத்த. நம்ம மவன் மாட்டிக்கிட்டா அந்த மாப்ள இப்படி ஓட மாட்டாரா?"

மாமா கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, புது போன் எண்ணையும் நாங்கள் கேட்காமலே எழுதினார். எனக்கு ஒரு நன்றிகூட மிச்சமில்லாமல் எல்லாம் பெண்களுக்குள்ளேயே முடிந்துவிட்டது.

பன்னிரண்டாம் நாள் மாப்பிள்ளை எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தார். 'தெரியாது என்று எழுதியது பெயர்களைத்தான், மனிதர்களை அல்ல' என்று ஒரு வரி விளக்கமும் நான் எழுதிக் கொடுத்திருந்தேன். என் வாழ்நாளில் நான் எழுதிய அலுவலகக் கடிதங்களில் அது ஒன்றுதான் உண்மையைச் சுற்றிவளைக்காமல் சொன்னது. அங்கே நடந்ததை மாப்பிள்ளை அப்புறம் சொன்னார்.

விசாரித்தவர் ஒரு இளம்பெண் அதிகாரி. அட்டவணையை மேலிருந்து கீழே பார்த்திருக்கிறார். மச்சான் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார். மனைவியின் அண்ணன், அக்காள் கணவர், அத்தை மகன், மாமன் மகன், நண்பன், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் என்று மாப்பிள்ளை தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அப்படியானால் ஒரு பெயரை நான் சொல்கிறேன், இங்கேயே ஸ்பீக்கரில் கூப்பிடுங்கள் என்றாராம். எழுதிக் கொடுத்ததைச் சரிபார்க்க நானும் இதைத்தான் செய்திருப்பேன். பத்தொன்பதில் அவர் விரல் வைத்தது கடைசிக் கட்டத்தில்.

"மச்சான், போயும் போயும் அவரத்தான் தொட்டுது அந்தப் பொண்ணு. மாமா பயத்துல போன எடுக்கலன்னா? எடுத்து, தெரியாதுன்னுட்டா?"

மாமா எடுத்தார். மாப்பிள்ளை, "மாமா, நான்தான்" என்று சொன்னதுமே மறுபுறத்திலிருந்து வந்ததாம்: "மாப்ள! இன்னும் அங்கியேதான் கெடக்கியா? உன் பொண்டாட்டி எங்க வூட்டுக்கே வந்து என்னைய அப்பனாக்கிட்டுப் போச்சு. எப்படா வர?" அதிகாரி குறுக்கிட்டு, இவரை உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மாமா கொஞ்சமும் தயங்கவில்லை. விடுதியில் கற்ற மொத்த ஆங்கிலத்தையும் இறக்கிவிட்டார்.

"மேடம், மை ஃபேமிலி. லெவன் இயர் ஒன் கிச்சன். வெரி குட் மேன். ஒன்லி சால்ட் ஜாஸ்தி."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏதோ குறித்துக்கொண்டாராம். என்ன குறித்தார் என்று மாப்பிள்ளைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். 'உறவு விளக்கப்பட்டது.'

மூன்று நாளில் ஒரு வரிக் கடிதம் வந்தது. மேல் நடவடிக்கை ஏதும் இல்லை. இனி வெளிநாட்டுக்கு அனுப்பப் பணம் திரட்டும் முன் அனுமதி பெறவும். தங்கை அதை என்னைப் படித்துக்காட்டச் சொல்லி, பிறகு அவளே படித்து, பிறகு மகளிடம் கொடுத்துப் படிக்கவைத்தாள். மூன்று பேர் படித்த பிறகும் அதே ஒரு வரிதான் இருந்தது. அன்று மத்தியானம் கடலூரில் அவள் வீட்டில் நான் சாப்பிட்ட சாப்பாட்டை இன்றுவரை அவள் வேறு யாருக்கும் போட்டதில்லை.

மாதக் கடைசியில், எடுத்த டிக்கெட்டிலேயே மாப்பிள்ளை வந்தார். பேத்தி பிறந்தபோது மருத்துவமனை வராந்தாவில் நின்றார். அவர் நின்றதால் எந்தப் பயனும் இல்லை, செவிலியர்கள் நான்குமுறை ஓரமாகப் போகச் சொன்னார்கள். ஆனாலும் நின்றார்.

அதற்கு முன்னால், மாப்பிள்ளை ஊர் வந்து சேர்ந்த மறுநாள், நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவர் போன் அடித்தது. திரையில் 'கிள்ளை மச்சான்'. விசாரணைக்காகப் பத்தொன்பது பெயர்களையும், கூடவே கிள்ளைக்காரர் பெயரையும் ராப்பகலாக மனப்பாடம் செய்திருந்தார் அல்லவா, அந்தப் பெருமையில் போனை எடுத்து, அடையாள அட்டையில் உள்ளபடி தகப்பன் பெயரோடு சேர்த்து முழுப்பெயரையும் கணீரென்று சொன்னார்.

மறுபுறம் சட்டென்று துண்டிக்கப்பட்டது.

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரே திரும்ப அழைத்தார். நீண்ட நேரம் அடித்த பிறகு எடுத்தார்கள்.

"ஹலோ... யாருங்க?" என்று மிகவும் மரியாதையாக, கொஞ்சம் நடுங்கிய குரல்.

"நான்தான் மச்சான்."

"அடப்பாவி, நீயா! எவனோ ஆபீசர் பேசுறான்னு நெனச்சு போன அரிசி டப்பாக்குள்ள போட்டுட்டேன். நெஞ்சுல தையல் போட்டவன்கிட்ட இப்புடியா வெளையாடுறது? ஊருக்கு வந்துட்டியா? அல்ஹம்துலில்லாஹ். வெள்ளிக்கிழம வூட்டுக்கு வா. எறால் வாங்கி வெக்குறேன்."

"வரேன். உப்பு நான் போடறேன்."

"நீ கைய வெக்காத. டாக்டரு எனக்கு உப்பையே நிறுத்திட்டாரு."